மூணு நாள் பல்லைக் கடிச்சா போதுமா?
சிகரெட்டை விட்டா மூணு நாள்ல நிக்கோடின் உடம்பை விட்டு போயிடும், அப்புறம் எல்லாம் மன உறுதிதான்னு ஒரு கட்டுரைல படிச்சேன், முதல் பாதி ஓகே ஆனா ரெண்டாவது பாதிய என்னால ஒத்துக்க முடியல. எங்க அண்ணன் சிகரெட்டை விட்டப்போ அந்த மூணு நாளுக்கு அப்புறமும் எரிச்சல், தூக்கமில்லாம புரள்றது, எதுலயும் கவனம் நிக்காம போறதுன்னு இழுத்துக்கிட்டே போச்சு, பலருக்கு இது 2 முதல் 4 வாரம் வரைக்கும் இருக்கும், அந்த நேரத்துல போய் உனக்கு உறுதி பத்தலைன்னு சொன்னா அவங்க நேரா கடைக்குத்தான் போவாங்க. அண்ணி தினமும் "இன்னைக்கு பிடிச்சியா"ன்னு விசாரிக்கல, ஆசை வந்தா ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் நிக்கும்ங்கிறதால கூட நடந்து பேச்சு குடுப்பாங்க, அவ்ளோதான். அந்தக் கட்டுரைக்கு கீழ ஒருத்தர், சிகரெட்டுக்கு பதிலா தோல்ல ஒட்டிக்கிற பேட்ச்லயும் நிக்கோடின் தானேன்னு கேட்டிருக்கார், ஆமா சார், ஆனா சிகரெட் புகைல இருக்கிற தாரும் (பிசுபிசுப்பான கரி) கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவும் அதுல இல்ல, புகை மாதிரி சில நொடில மூளைக்கு ஏறாம மெதுவா தான் இறங்கும், அளவையும் படிப்படியா குறைக்கலாம். நிக்கோடின் கம்மை சாதா சூயிங்கம் மாதிரி மென்னு தள்ளிட்டு விக்கல் வருது, வேலை செய்யலைன்னு தூக்கி போடுறவங்க நிறைய, லேசா மென்னு சுருக்குன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், அதுக்கு கால் மணி நேரம் முன்னாடி காபி குடிச்சா வாய் நிக்கோடினை சரியா உறிஞ்சாது. காபி பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல, புகை பிடிக்கிற வரைக்கும் கல்லீரல் காபில இருக்கிற கஃபீனை வேகமா கரைச்சிடும், விட்டதும் அதே காபி ஜாஸ்தியா வேலை செஞ்சு படபடப்பு வரும், அண்ணன் அதையும் சிகரெட் விட்டதாலன்னே நினைச்சிட்டு இருந்தார், டாக்டர் சொல்லி காபியை பாதியா குறைச்சதும் தூக்கம் கொஞ்சம் பரவால்ல ஆச்சு.