நா ஹே-சொக் விவாகரத்துக்குப் பிறகுதான் எழுதினாரா?

கொரிய ஓவியர் நா ஹே-சொக் வீட்டோடு இருந்தவர், கணவர் விலக்கிய கோபத்தில்தான் பேனாவைப் பிடித்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டுக் கணக்கே இடிக்கிறதே! விவாகரத்து நடந்தது 1930 வாக்கில். அவருடைய ‘கியொங்ஹி’ சிறுகதை வந்ததோ 1918-இல், தோக்கியோவில் படித்த கொரிய மாணவிகளின் இதழில். அதற்கும் முன்பே, 1914-இல், ‘லட்சியப் பெண்’ பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். அப்போது கல்யாணமே ஆகவில்லை.

கதையையாவது புரட்டிப் பாருங்கள். ஜப்பானில் படிக்கும் பெண் விடுமுறைக்கு ஊர் வருகிறாள். படித்த பெண் வீட்டு வேலைக்கு ஆக மாட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. இவளோ தையலும் சமையலறை வேலையுமாக வளைய வருகிறாள், அப்பா பார்த்த வசதியான சம்பந்தத்தை மட்டும் மறுத்துவிடுகிறாள். இதில் கணவர்மேல் கோபம் எங்கே இருக்கிறது?

1934-இல் அவர் எழுதிய ‘விவாகரத்து வாக்குமூலம்’ பெரிய பரபரப்பானது உண்மைதான். பலர் அதை மட்டுமே படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறார்கள்.

அப்புறம், “வீட்டோடு இருந்தவர்” என்பதும் சரியில்லை. பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார். ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் விடுதலைப் போராட்டத்தில் கைதாகிச் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். மஞ்சூரியாவின் ஆன்துங்கில் இருந்தபோது பெண்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கியதும் இவரே.