ராகம் யார் போட்டால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கியார் ஒரு பாட்டுக்கு ராகம் போட்டவரை மாற்றிச் சொன்னதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அது தப்பு என்று சொன்னதற்கு எங்கள் சபை குரூப்பில் வந்த பதில் இன்னும் உறுத்துகிறது: "ராகம் யார் போட்டால் என்ன அண்ணே, ஆவியின் அபிஷேகம்தான் முக்கியம்."

சரி தம்பி. 'இட் இஸ் வெல் வித் மை சோல்' ('என் ஆத்துமா நலமே') என்ற அந்த ஆங்கில ஞானப்பாட்டின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். 1873 நவம்பரில் அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கியது, பாட்டு வரிகளை எழுதிய சிகாகோ வக்கீல் ஸ்பாஃபோர்டின் நான்கு மகள்கள் இறந்தது, தான் மட்டும் பிழைத்ததாக மனைவி அடித்த தந்தி. எனக்கும் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். ஆனால் கால் மணி நேரம் அதைச் சொன்ன பிரசங்கியார், "அவரே கண்ணீரோடு ராகமும் போட்டார்" என்று முடித்தாரே, அது தப்பு. ராகம் போட்டவர் பிலிப் பிளிஸ். 1876இல். மூழ்கிய கப்பலின் பெயர்தான் அந்த ராகத்துக்கும் பெயர்.

பல்லவியைக் கவனித்திருக்கிறீர்களா? பெண்கள் முதலில் ஒரு அடியைப் பாடுவார்கள். ஆண்கள் அதையே கீழ்க்குரலில் திருப்பிப் பாடுவார்கள். அப்புறம் நான்கு குரலும் ஒன்றாகச் சேரும். துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் 'ம்' கொட்டுவது போல. அந்த 'ம்' பிளிஸ் போட்டது. மறுபடி சொல்கிறேன், பிளிஸ்.

கண்ணீர்க் கதைதான் வேண்டுமா? அதே 1876, டிசம்பர் 29. ஓஹையோவில் ஆஷ்டபுலா ஆற்றுப் பாலம் பனிப்புயலில் ரயிலோடு இடிந்து விழுந்து தீப்பிடித்தது. பிளிஸும் மனைவி லூசியும் அதில் போய்விட்டார்கள். அவருக்கு வயது 38. உடல்கள்கூட அடையாளம் தெரியவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள். இது போதாதா உங்கள் பிரசங்கத்துக்கு?

"மகிமை தேவனுக்கே, மனுஷன் பெயர் எதற்கு" என்பீர்கள். அப்படியானால் ஸ்பாஃபோர்ட் பெயரையும் விட்டுவிடலாமே! சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா என்றால், ஆமாம், சின்ன விஷயம்தான். பிடிக்காதவர்கள் கடந்து போங்கள்.

பிளிஸ் சிறுவனாக இருந்தபோது, ஒரு வீட்டிலிருந்து வந்த பியானோ சத்தத்தில் மயங்கி வெறுங்காலோடு உள்ளே போய் நின்றாராம். வெளியே போ என்று விரட்டிவிட்டார்களாம். இசைக்காரனை வாசலிலேயே நிறுத்துவது அன்றிலிருந்தே நடக்கிறது போல.

எங்கள் அப்பா 31 வருஷம் கோயிலில் பெடல் ஆர்மோனியம் வாசித்தார். முழங்கால் வீங்கி, தைலம் தேய்த்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்காருவார். நூற்றாண்டு மலர் போட்டார்கள். கட்டட நிதி கொடுத்தவர்கள் பட்டியலே நான்கு பக்கம். அப்பா பெயர் ஒரு வரியிலும் இல்லை. மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் பெயர் மட்டும் விசிறி இறக்கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்பா அந்த மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட்டை நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் இதே பாட்டுதானாம். கீபோர்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன், போகாமல் என்ன.