ஞானம் சாலொமோனுக்கு மட்டுமா?

“எபிரேய வேதத்தில் (பழைய ஏற்பாட்டில்) கடவுள் ஞானம் கொடுத்தது சாலொமோன் ராஜா ஒருவருக்குத்தான்; ஞானம் பெறக் கேட்டால் போதும், முயற்சி வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. கிபியோன் என்ற ஊரில் கனவில் சாலொமோன் ஞானம் கேட்டுப் பெற்றது 1 இராஜாக்கள் 3-ல் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு வெகு முன்பே, யாத்திராகமம் 31-ல், ஆசரிப்புக் கூடாரம் (இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரம்) செய்யப் பெசலெயேல் என்பவரைத் தேவ ஆவியாலும் ஞானத்தாலும் நிரப்பியதாகக் கடவுளே மோசேயிடம் சொல்கிறார். பெசலெயேல் ராஜா இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், ரத்தினம், மரம் என்று எல்லாவற்றிலும் கைவேலை செய்தவர். கூட இருந்த அகோலியாபுக்கும் மற்ற வேலைக்காரர்களுக்கும் அதே வரம்தான். 35-ஆம் அதிகாரத்தில் ஆட்டுமயிர் திரித்த பெண்களின் வேலையும் ஞானம் என்றே சொல்லப்படுகிறது (இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை!). அப்புறம், “கேட்டால் போதும், முயற்சி வேண்டாம்” என்று அவர் சொல்வதற்குப் பதிலாக நீதிமொழிகள் 2-ஐப் படியுங்கள்: கர்த்தர் ஞானத்தைத் தருகிறார் என்பதற்கு முன்பே, அதை வெள்ளியைப்போல் தேடச் சொல்கிறது.