அரை பர்சென்ட்டுக்குப் போகும் கணக்கு

போன வாரம் கரூரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். பெட்ஷீட், தலையணை உறை தைத்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறான். "அண்ணா, ஒரு பெரிய பேங்க்ல இருந்து ரெண்டு பசங்க வந்தாங்க. இப்பக் கட்டற வட்டியில அரை பர்சென்ட் கொறச்சுத் தர்றாங்களாம், லோன் லிமிட்டும் ஏத்தித் தர்றாங்களாம். மாத்திரலாமா?"

ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் சொந்தத்தில் யாருக்கு லோன் விவகாரம் என்றாலும் என்னிடம்தான் வரும். வட்டியைக் கூட்டிக் கழித்து ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். இந்த முறை வாய் வரவில்லை. அவன் கணக்கு இருப்பது உள்ளூர் வங்கியில்.

கரூர் பெரிய ஊர் இல்லை. ஆனால் இரண்டு வங்கியைப் பெற்ற ஊர். 1916-ல் கரூர் வைஸ்யா வங்கி, பத்து வருஷம் கழித்து 1926-ல் லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டுமே உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தவை. கும்பகோணத்தில் அதற்கு முன்பே, 1904-ல், கும்பகோணம் பேங்க் என்று ஆரம்பித்ததுதான் இன்றைய சிட்டி யூனியன். தூத்துக்குடியில் 1921-ல் நாடார் பேங்க் பிறந்து, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் என்று பெயர் மாறியது.

இந்த வங்கிகளின் எல்லையை மாவட்ட வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. சரக்கு போகும் வழியில் தேட வேண்டும். நாடார் பேங்குக்கு 1947-ல் இருந்த கிளைகள் நாலே நாலு: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். உப்பு, பருத்தி, தீப்பெட்டி, வத்தல், எண்ணெய் என்று நாடார் வியாபாரிகள் எங்கே கடை போட்டார்களோ அங்கேதான் வங்கியும் போனது. 1937-ல் கொழும்பில்கூட ஒரு கிளை திறந்து இரண்டு வருஷத்தில் மூடினார்கள்.

சிறியதாக இருந்ததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. 1969-ல் 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1980-ல் 200 கோடி என்ற கோட்டைத் தாண்டிய இன்னும் ஆறு போயின. நம்ம ஊர் வங்கிகள் இரண்டு முறையும் அளவில் சிக்காமல் தப்பித்தன.

அப்பா நாலு தறி வைத்து டவல் நெய்த காலத்தில் பேங்க் மேனேஜர் மாசம் ஒரு தடவை ஸ்கூட்டரில் வருவார். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை, அதாவது சரக்குக் கையிருப்புக் கணக்கை, வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், அதைப் படித்து நான் பார்த்ததில்லை. நேராகக் குடோனுக்குள் போய், கட்டி வைத்த பேல்களின் மேல் விரலால் ஒரு கோடு இழுப்பார். தூசி ஒட்டினால், "இது எத்தன மாசமா கெடக்குதுங்க?" என்று கேட்பார். அப்பாவுக்கு வேர்க்கும். அந்த விரல் சொன்னதை இன்று லோனுக்காக நான் தயாரித்துக் கொடுக்கும் சிஎம்ஏ டேட்டா என்கிற கணக்கு அறிக்கை சொல்லாது. அதில் எதை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான் சொல்வேன்.

உள்ளூர் வங்கியின் மூலதனம் என்பது அந்த விரல்தான் என்பது என் கட்சி. பெரிய வங்கியோடு வட்டியில் மோத அதனால் என்றைக்கும் முடியாது. ஆனால் யார் சரக்கு நகர்கிறது, யார் வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வரப்போகிறது என்பதெல்லாம் அதற்கு முதலிலேயே தெரியும்.

லட்சுமி விலாஸ் விழுந்தபோது போட்டியில் தோற்றது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரூரிலோ ஈரோட்டிலோ ஜவுளிக்காரர்களுக்குக் கொடுத்ததாலா அது கவிழ்ந்தது? பெரிய கம்பெனிக் கடன்களில் இறங்கியதுதான் சறுக்கல். ரான்பாக்ஸி மருந்து கம்பெனியின் முன்னாள் உரிமையாளர்களுடைய நிறுவனங்களுக்குக் கொடுத்த சுமார் 720 கோடி மட்டும் கோர்ட், கேஸ் என்று எவ்வளவு தூரம் இழுத்தது! டெல்லியில் இருக்கிற குடோனில் விரலை வைத்துப் பார்க்க யார் போவது? 2019–20 கணக்கில் நஷ்டம் 836 கோடி, மொத்த வாராக்கடன் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல். 2020 நவம்பர் 17-ல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்தே நாளில், 27-ம் தேதி, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட்டுக்குப் பங்கமில்லை. பங்குகளின் மதிப்பு பூஜ்யம். வீட்டுக்கு ஒருவர் அந்தப் பங்கை வைத்திருந்த ஊரில் அது சாவு விழுந்த மாதிரி.

சரி, இன்றைய போட்டிக்கு வருவோம். பெரிய வங்கிக்காரர்கள் புதிதாகத் தொழில் தொடங்குகிறவனைத் தேடி வருவதில்லை. உள்ளூர் வங்கி பத்து வருஷம் தூக்கிவிட்டு, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிப் பழக்கிய ஆளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், கடன் கட்டிய வரலாறு சொல்லும் சிபில் எல்லாம் கையில் இருக்கும்போது ஆளைப் பொறுக்குவது கஷ்டமா என்ன? நல்ல கணக்கு அரை பர்சென்ட்டுக்குப் போய்விடும், இழுபறிக் கணக்கு மட்டும் பழைய இடத்திலேயே தங்கும். வளர்த்த கூலி யாருக்கும் கிடையாது. முன்பு கடனை மாற்றினால், தவணைக்கு முன்பே அடைப்பதற்கு ஃபோர்குளோஷர் சார்ஜ் என்று ஒரு வேலி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கிற, புதுப்பிக்கிற மாறும் வட்டிக் கடன்களுக்குக் குறு, சிறு தொழில்களிடம் வங்கிகள் அதை வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தொழில் செய்கிறவனுக்கு நல்ல சட்டம், மறுக்கவில்லை.

நகைக் கடனில் இன்னொரு ரகளை. ஒரு பக்கம் முத்தூட், மணப்புரம், மறுபக்கம் கூட்டுறவு சங்கம். 2021-ல் ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. அதோடு எந்தத் தனியார் வங்கி போட்டி போடும்?

ஆனால் உண்மையான அடி டெபாசிட்டில்தான் விழுகிறது என்று நினைக்கிறேன். அப்பா தலைமுறை அங்கேயே எஃப்டி போட்டு, அங்கேயே லாக்கர் வைத்திருந்தது. பிள்ளைகள் கோவை, சென்னை, பெங்களூர் என்று போய்விட்டோம். கம்பெனி எந்த வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்ததோ அதிலேயே எல்லாம். அப்பா போன பிறகு அவர் எஃப்டியை முடித்து, பணத்தை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டவன் நான்தான். கவுன்ட்டரில் இருந்த வங்கி ஊழியப் பெண்மணி, "இங்கயே போட்டு வைக்கலாமேங்க" என்றார். ஆப்பிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ள வசதி என்று ஏதோ சொன்னேன். இப்போது உட்கார்ந்து உள்ளூர் வங்கிக்காகப் பதிவு எழுதுகிறேன்.

வங்கிகள் மீதும் தப்பு உண்டு. ஸ்கூட்டர் மேனேஜரின் இடத்தில் இப்போது பல ஊர்களில், எங்கோ இருந்து கடனை முடிவு செய்கிற ஒரு மையம் உட்கார்ந்திருக்கிறது. பேப்பர் அங்கே போகும், முடிவு அங்கிருந்து வரும். மேனேஜர் ஊர் பெயர்களைப் பழகி முடிக்கும் முன் மாற்றல் வந்துவிடும். பெரிய வங்கி செய்வதையே கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் கூடுதல் வட்டிக்குச் செய்தால் யார் நிற்பார்கள்?

தம்பியிடம் கடைசியில் ஒன்றுதான் சொன்னேன். அந்த ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு போய் உன் மேனேஜரிடம் காட்டு, அவர் என்ன சொல்கிறார் பார்.

நேற்று பேசினான். மேனேஜர் மறுநாளே யூனிட்டுக்கு வந்து பார்த்தாராம். கால் பர்சென்ட் குறைக்க மேலே எழுதுகிறேன் என்றாராம், ஆனால் ஒரு பத்து லட்சமாவது எஃப்டி காட்டினால் பேச வசதியாக இருக்கும் என்றாராம்.

"என்கிட்ட அவ்வளவு ஏதுங்ணா? நீங்க வேணா போடறீங்களா?" என்கிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.