புரோபயாட்டிக் பொடி சொட்டு மருந்துக்கு மாற்றாகாது

கைக்குழந்தைக்கு, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் பொடி கொடுத்தால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து தேவையில்லை என்று கோபி, அந்தியூர்ப் பக்கம் பரவும் தகவலை ஓர் அன்பர் பகிர்ந்திருக்கிறார், அது சரியன்று. சொட்டு மருந்திலுள்ள வீரியம் குறைந்த ரோட்டா வைரஸ்தான் அந்தக் கிருமியை அடையாளம் காண உடலைப் பழக்குகிறது. பொடியிலுள்ள லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் குடலுக்கு உதவலாமே ஒழிய, அந்த வைரஸை உடலுக்கு அறிமுகப்படுத்துவதில்லை. வேலூரில் கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும், தடுப்பு மருந்தின் பலன் கூடுமா என்றறியவே புரோபயாட்டிக்கை அதனுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். தகவல் இங்கேதான் திரிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 6, 10, 14 ஆவது வாரங்களுக்கான தடுப்பு மருந்துகளில் ரோட்டாவும் இருப்பதை உங்கள் வீட்டுத் தாய் சேய் நல அட்டையிலேயே பார்க்கலாம். ஐயமிருந்தால், தயவுசெய்து தவணையைத் தள்ளிப்போடாமல், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் கேளுங்கள்.