.270-ஆ .280-ஆன்னு மண்டைய உடைச்சுக்கறவங்களுக்கு

எல்க், மூஸ் (ரெண்டும் பெரிய மான் வகை) மாதிரி பெரிய மிருக வேட்டைக்கு ரைஃபிள் வாங்கப் போறவங்க யார்கிட்ட பேசினாலும் கடைசில .270 வின்செஸ்டரா, .280 ரெமிங்டனா, .30-06-ஆங்கறதுலதான் வந்து நிக்கறாங்க. மூணும் தோட்டா ரகம்தான், அண்ணன் தம்பிங்கப்பா. 1906ல அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது .30-06, அந்த வம்சத்து கேஸோட (மருந்தை அடைக்கற பித்தளைக் கூடு) கழுத்தைச் சுருக்கி வின்செஸ்டர் 1925ல .270ஐ விட்டாங்க, ரெமிங்டன் 1957ல .280ஐ விட்டாங்க. .270ல புல்லட் (தோட்டா முனைலேருந்து பறக்கற குண்டு) விட்டம் .277 அங்குலம், .280ல .284. வித்தியாசம் 0.18 மில்லிமீட்டர், ரெண்டு தாள் கனம் வரும். இதுக்குத்தான் இவ்ளோ சண்டை!

.280 பாவம், தோட்டால ஒரு குறையும் இல்ல. செமி ஆட்டோ ரைஃபிளுக்காக பிரஷரைக் குறைச்சு விட்டாங்க, அதனால பேப்பர்ல .270 கிட்ட மந்தமா தெரிஞ்சுது. அப்புறம் 1979ல 7 எம்எம் எக்ஸ்பிரஸ்னு பேரை மாத்தி, ஜனங்க அதை 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம்ங்கற (மேக்னம்னா மருந்தும் வேகமும் ஜாஸ்தி) வேற தோட்டான்னு குழப்பிக்கிட்டு, கடைசில பழைய பேருக்கே திரும்பிட்டாங்க. சில கேலிபர் (தோட்டா அளவு) ஏன் விக்கலங்கறதுக்கு பாலிஸ்டிக்ஸ்ல (குண்டு பறக்கற கணக்குல) காரணம் தேடறதே வேஸ்ட்.

சரி, ஃபீல்டுக்கு வாங்க. 200 யார்டுல ஜீரோ பண்ணினா, அதாவது அந்தத் தூரத்துல குறி பாத்த இடத்துலயே குண்டு படற மாதிரி செட் பண்ணினா, 300 யார்டுல .270, 130 கிரெய்னும் (கிரெய்ன்ங்கறது புல்லட் எடை அளவு) .280, 140 கிரெய்னும் இறங்கறதுல ஒரு அங்குல வித்தியாசம் கூட வராது. .30-06, 180 கிரெய்ன் இன்னும் ரெண்டு அங்குலம் கீழ போகும், அவ்ளோதான். மூச்சு வாங்கிக்கிட்டு, காத்துல, மரக்கிளைல சாய்ச்சு சுடும்போது நம்ம கை ஆடறதே அதைவிட ஜாஸ்தி.

என்னைக் கேட்டா கேலிபரை விட புல்லட் எப்படி செஞ்சிருக்காங்கன்னு பாக்கணும். 1946ல ஜான் நாஸ்லர் கனடால மூஸ் வேட்டைக்குப் போனார், கையில இருந்தது சாதாரண துப்பாக்கி இல்ல, .300 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) மேக்னம். மூஸ் உடம்பு பூரா சேறு, புல்லட் உள்ள ஆழமா போகாம மேலயே சிதறிடுச்சு. வேகம் இருந்துச்சு, பவர் இருந்துச்சு, ஒண்ணும் உதவல. அவர் வேற பெரிய கேலிபர் தேடிப் போகல, நடுவுல செம்புத் தடுப்பு வெச்சு, முன்பாதி விரிஞ்சாலும் பின்பாதி உடையாம உள்ள போற மாதிரி புல்லட்டையே மாத்தினார், அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். இப்ப முழுக்க செம்புலயே செஞ்ச புல்லட்டும் வந்துடுச்சு. நல்ல புல்லட் போட்ட .270, சொத்தை புல்லட் போட்ட மேக்னத்தை விட எவ்ளோவோ மேல்.

அடுத்தது உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால வந்து தோள்ல இடிக்கறது. எட்டு பவுண்டு ரைஃபிள்ல .30-06 சுமார் 20 அடி-பவுண்டு உதைக்கும், .300 வின் மேக் (வின்செஸ்டர் மேக்னம்) 25ஐ சாதாரணமா தாண்டும். எழுத்துல சின்ன நம்பர், தோள்ல அப்படி இல்ல. அடி வாங்கப் போறோம்னு தெரிஞ்சதும் கண்ணு தானா மூடிக்கும், ட்ரிகரை வெடுக்குன்னு இழுப்போம், குண்டு நுரையீரலுக்குப் பதிலா வயித்துல போய் விழும், அப்புறம் ராத்திரி பூரா ரத்தத் தடம் தேடணும், அந்த மிருகத்துக்கும் நரகம். (ஆம்பளைன்னா மேக்னம்தான்னு பேசற கோஷ்டி ரேஞ்ச்ல எத்தனை ரவுண்டு சுடறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க, நாலாவதுக்கு மேல போகாது.)

உடனே "பெல் 7 எம்எம்ல யானையே அடிச்சாரே"ன்னு ஒருத்தர் வருவார். அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் பெல் அடிச்சார்தான். ஆனா அவர் யானை மண்டையோட உள்ளமைப்பு தெரிஞ்சு, விரியாத சாலிட் புல்லட்ல மூளையைப் பாத்து சுட்டவர். அதை நாம நகல் எடுக்க முடியாது. எருமை, யானைன்னா 1912ல வந்த .375 ஹெச் அண்ட் ஹெச்தான் ஆரம்பம்னு ஆப்பிரிக்கால பல நாடுகள்ல சட்டமே இருக்கு, அங்க கேலிபர் நிஜமாவே முக்கியம்.

மத்தபடி எல்க், மூஸ் வேட்டைக்குன்னா, கையில .270 இருக்கறவங்க .280 வாங்கறது காசுக்கு கேடு, அந்தப் பணத்துக்கு தோட்டா வாங்கி உக்காந்து, முட்டி போட்டு, நின்னுன்னு சுட்டுப் பழகலாம். எதுவுமே இல்லாம புதுசா வாங்கறவங்க .30-06 எடுங்க, 150லேருந்து 220 கிரெய்ன் வரைக்கும் புல்லட் கிடைக்கும். இல்ல, எனக்கு ஒரு படி மேல வேணும்னா .338 வின் மேக் மாதிரி நிஜமாவே வேற ரகத்துக்குப் போங்க, தோள் தாங்கினா.