குங்குமப்பூ கண்ணாடியைக் கழற்றாது

“குங்குமப்பூப் பால் ஒரு மாதம் குடித்தால் கண்ணாடி தேவையில்லை” என்று சொல்வது பிழை. கிட்டப்பார்வை கண்விழி நீண்டுபோவதால் வருவது. அதை எந்தப் பாலும் சுருக்காது.

இத்தாலியில் 2010இல் வெளியான ஆய்வு வேறு விஷயம். வயதானோருக்கு வரும், விழித்திரை நடுப்பகுதி தேயும் நோயின் தொடக்கநிலையில் இருந்த 25 பேருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் குங்குமப்பூ கொடுத்தார்கள். விழித்திரையின் ஒளியுணர்வு ஓரளவு கூடியது, அவ்வளவுதான். 20 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய பத்து இழை.

பாயசத்துக்குப் போடுவதென்றால் குங்குமப்பூவைக் காய்ச்ச வேண்டாம், கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும். இழைகளைச் சீனி கொஞ்சம் சேர்த்து நுணுக்கி, கைபொறுக்கும் சூட்டில் இரண்டு மேசைக்கரண்டி பாலில் 20 நிமிடம் ஊறவிட்டு, பாயசத்தை இறக்கியபின் ஊற்றுங்கோ. தண்ணீரில் போட்டவுடனே சிவப்பாகக் கரைந்து இழை வெளுத்தால் அது சாயம் போட்ட சரக்கு. நல்லது மெல்ல மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே கிடக்கும்.

பிள்ளையளின்ரை கண்ணுக்கென்றால் வன்னியில் வேலியோரம் நிற்கிற முருங்கையிலையைத் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்குங்கோ. அதிலிருந்து விற்றமின் ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேணும், தேங்காய் அதுக்குத்தான். நீரிழிவுக்காரர் குங்குமப்பூப் பாலை நம்பி ஆஸ்பத்திரி கண் கிளினிக்கை விடாதேங்கோ.